கடலைக் காணாத தொகுதியும் கடலும்



கெம்போங் மீன் விலை ஏறினால் நம் வீட்டுப் பெண்கள் முணுமுணுப்பார்கள். கருவாடும் அப்படித்தான். ஆனால் கடலைப் பற்றிச் சட்டமன்றத்தில் யார் பேசுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. பால்மரமும் செம்பனையும்தான் நமக்குத் தெரியும் என்று இருந்துவிடுகிறோம்.

கடல் மீன்பிடித் தொழில் கூட்டரசின் பொறுப்பு. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆமைகளையும் ஆற்று மீன்பிடிப்பையும் மாநிலத்திடம் விட்டிருக்கிறது. கடலில் நீந்தும் மீன் கூட்டரசுக்கு, பக்கத்தில் நீந்தும் ஆமை ஜொகூருக்கு! இது வேடிக்கையாகத் தோன்றலாம். முக்கியமானது வேறொன்று. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கின்றன. கரையோரத்துப் பாக்கோ மரக்காடு, அதாவது கண்டல் காடு, இதில் அடங்கும். கடலைத் தூர்த்து நிலமாக்கும் விஷயத்திலும், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு.

கண்டல் காட்டுக்கும் நம் சட்டிக்கும் என்ன சம்பந்தம்? பல வகை இறால்கள் கடலில் முட்டையிடும். பொடிக் குஞ்சுகள் அலையேற்றத்தோடு கழிமுகத்துக்குள் வரும். வேர்களின் இடுக்கில் பெரிய மீன்களுக்குத் தப்பி, உதிர்ந்த இலை மக்கிய சேற்றில் இரை தேடி வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். வேர் இல்லாவிட்டால் ஒளிய இடமில்லை. பிறகு எத்தனை வலை வீசி என்ன?

நம் மாநிலத்தில் சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப் ஆகிய மூன்று கண்டல் காடுகள் 2003இல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாகப் பதிவாயின. சுங்கை பூலாய் மட்டும் 9,126 ஹெக்டர். அதன் முகத்துவாரத்தில் மெராம்போங் கடற்புல் திடல் இருக்கிறது. கடற்குதிரை வாழும் இடம், கடற்பசு மேயும் இடம் அது. அந்தப் பக்கத்தில் 2014இல் கடலைத் தூர்க்கத் தொடங்கிய பிறகுதான் விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு கேட்கப்பட்டது. மணலைக் கொட்டிவிட்டு மீனைப் பற்றி விசாரிப்பது என்ன முறையோ, எனக்கு விளங்கவில்லை.

நாமும் முழுக்கக் குற்றமற்றவர்கள் அல்லர். பெருமழைக்கு மறுநாள் தோட்டத்து ஓடை செந்நிறமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணும் உரமும் ஆறு வழியே கடலுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. வெயில் இல்லாமல் கடற்புல் பிழைக்காது.

ஜொகூர் சட்டமன்றத்தில் 56 இடங்கள். குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தொகுதிகள் பலவற்றுக்குக் கடலே கிடையாது. ஆயினும் கடலோர நிலத்தைப் பற்றிய சட்டம் வரும்போது அவற்றின் உறுப்பினர்களும்தான் கை தூக்குகிறார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்புல்லை அளந்து எழுதிய அறிக்கைகளை அவர்கள் படித்திருக்கிறார்களா?

கோயில் திருவிழாவுக்கு உறுப்பினர் வரும்போது சாலை விளக்கும் சாக்கடையும் கேட்கிறோம். அதோடு இதையும் கேட்கலாம். 18 வயதுப் பிள்ளைகளுக்கும் 2022 மாநிலத் தேர்தலில் வாக்குரிமை வந்துவிட்டது. அவர்களே எழுந்து நின்று கேட்டால் இன்னும் நல்லது.