'விடாது கருப்பு' தொடரின் முடிவும் கேமரன் மலைத் தோட்டப்புறப் பார்வையாளரும்

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்கள் ஆய்வுக்குரிய பொருளல்ல என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கதைப்பாடலையும் தெருக்கூத்தையும் ஆராயும் நாம், அவற்றைக் கேட்டு வளர்ந்த மக்களே மாலையில் அமர்ந்து பார்க்கும் தொடரைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகிறோம். காவல் தெய்வத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட ஒரு தொடரை, காவல் தெய்வத்தை இன்றும் வழிபடும் மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட தொடர், 'மர்மதேசம்' வரிசையின் இரண்டாம் பகுதியாகிய 'விடாது கருப்பு'. களம், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள். ஈண்டுக் கூறப்படும் பார்வையாளர் கருத்துகள் வினாநிரல் கொண்டு திரட்டியவை அல்ல. அத்தோட்டக் குடும்பங்களோடும் அங்கிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோரோடும் பேசிய பொழுதுகளில் செவிவழிக் கிடைத்தவை.

தொடரும் அதன் முடிவும்

'மர்மதேசம்' வரிசை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் படைப்பாகும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய 'இரகசியம்' என்னும் முதற்பகுதி 1990களில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. அதனைத் தொடர்ந்து வந்ததே 'விடாது கருப்பு'. 'விட்டுவிடு கருப்பா' என்னும் புதினத்தை அடியொற்றிய இதனையும் நாகாவே இயக்கினார். ஒவ்வொரு பகுதியும் தனிக்கதையாதலின் முதற்பகுதியைக் காணாதாரும் இரண்டாவதைத் தொடர்ந்து காண முடிந்தது. முதற்பகுதி சித்தர் மரபு, நவபாடாண இலிங்கம், பைரவர் கோயில் எனப் பொதுமக்களுக்குச் சற்றுத் தொலைவான பொருள்களைக் கொண்டிருந்தது. இரண்டாம் பகுதியோ எல்லைக் கருப்பையும் குதிரைக் குளம்பொலியையும் கொண்டு வந்தது. தோட்டப்புறத்தில் இப்பகுதியே மிகுதியாக நினைவுகூரப்படுவதற்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூரில் தீங்கு செய்தவர்களைக் குதிரையேறி வரும் கருப்பு தண்டிப்பதாக ஊரார் நம்புகின்றனர். நகரத்திலிருந்து வரும் பெண் மருத்துவர் அந்நம்பிக்கையை ஐயுறுகிறார். கதை முழுவதும் பார்வையாளர் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிறுத்தப்படுகிறார். இறுதியில், கருப்பின் உருவேற்று உலவியவன் ஊர்மனிதன் ஒருவனே என்பதும், அவனது ஆளுமை பிளவுபட்டிருந்தது என்பதும் உளமருத்துவத்தின் வழி விளக்கப்படுகின்றன. பல்லாளுமை என்னும் கருத்தைத் தமிழ்த் திரையில் 'சந்திரமுகி', 'அந்நியன்' ஆகிய படங்கள் 2005-இல் பரவலாக்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சின்னத்திரை அதனை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டது. மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' 1993-இலேயே வெளிவந்தது.

களம்

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த மலைப்பகுதி அவர் பெயராலேயே வழங்குகிறது. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் பாரத் நிறுவனத்தின் தோட்டங்களும் எழுந்தன. காடழித்தும் சரிவுகளில் செடி நட்டும் கொழுந்து பறித்தும் இவற்றை உருவாக்கியவருள் பெரும்பான்மையோர் தென்னிந்தியத் தொழிலாளர், குறிப்பாகத் தமிழர். பால்மரத் தோட்டங்களைப் போலவே இங்கும் லயன் வீடுகளுக்கு அணித்தே மாரியம்மன் கோயிலும், சற்று ஒதுங்கிய எல்லையில் முனீஸ்வரர், கருப்பர், மதுரை வீரன் முதலிய காவல் தெய்வங்களும் இடம்பெற்றன. மாரியம்மனுக்குத் திருவிழா, எல்லைச் சாமிக்குச் சுருட்டும் சாராயமும் சேவலும்.

இத்தெய்வங்களிடம் மக்கள் கேட்டதில் பெரும்பகுதி முறையீடு. கூலியைக் குறைத்த கங்காணி, பெண்களிடம் தகாத முறையில் நடந்தவன், பங்காளியின் நகையைத் திருடியவன் ஆகியோர் மீதான வழக்குகள் துரைத்தனத்தின் அலுவலகத்தில் எடுபடுவது அரிது. கங்காணியைப் பற்றிய குறையைக் கிராணியிடம் சொல்வதால் என்ன பயன்? ஆகவே அது சாமியாடியின் முன் சென்றது. காசு வெட்டிப் போடுதல், சூடம் அடித்துச் சத்தியம் செய்தல் முதலிய வழக்கங்கள் ஒருவகை நீதிமன்ற நடைமுறைகளே என்பது எம் கருத்து.

பார்வையாளர் கருத்துகள்

மலைமடிப்புகளில் தரைவழி ஒளிபரப்புச் சரியாக எட்டாத இல்லங்கள் பல. 1996-இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் சேவை தொடங்கிய பின்னரே நாள் முழுதும் தமிழ் அலைவரிசை என்பது நம் நாட்டில் இயல்வதாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் தமிழகத் தொடர்கள் ஒளிநாடாக் கடைகளின் வழியே வந்தன. இன்று யூடியூப்பில் பேரப்பிள்ளைகள் தேடித் தர, முதியோர் இத்தொடரை மீண்டும் காண்கின்றனர். ஆகவே முடிவைப் பற்றிய வாதமும் ஓயவில்லை.

முதியோருள் சிலர் அம்முடிவை ஏற்கவில்லை. இத்தனை வாரம் சாமி என்று காட்டிவிட்டுக் கடைசியில் பைத்தியம் என்பதா என்பது அவர்தம் சினம். ரிங்லெட்டில் ஓர் அம்மையார் கூறியது இதனினும் கூரியது. சாமி இல்லையென்று ஆகிவிட்டபின் அந்த ஊரார் தம் குறையை யாரிடம் சொல்வார்கள், அதைக் கதையில் காட்டவில்லையே என்றார். படித்த இளையோருள் பலர் முடிவைப் பாராட்டினர். மூடநம்பிக்கையை அச்சத்தின் வழியாகவே உள்ளே சென்று உடைத்த தொடர் என்பது அவர்கள் மதிப்பீடு. இவ்விரு கருத்துகளும் எதிர்பார்க்கத்தக்கவையே.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதுவே எம் கவனத்தை ஈர்த்தது. முடிவில் தமக்கு முரண்பாடே தெரியவில்லை என்றனர் சிலர். அவனுக்கு நோய் இருக்கலாம். சாமி அவனைக் கருவியாகக் கொண்டிருக்கலாம். இரண்டும் ஒருங்கே உண்மையாகக் கூடாதா என்பது அவர் வினா. இதனை மழுப்பல் என்று ஒதுக்குவதற்கில்லை. சாமியாடுதலைக் கண்டு வளர்ந்தவருக்கு, அரிவாள்மேல் நிற்பவர் தம் பக்கத்து வீட்டுக்காரர் என்பது தொடக்கத்திலிருந்தே தெரியும். மறுநாள் காலை அவரே கூடை சுமந்து மலையேறுவார். கருப்பாக வந்தவன் மனிதன் என்னும் செய்தி நகரத்துப் பார்வையாளருக்குத் திருப்பம். இவர்களுக்கு அது தெரிந்த செய்தி. அவர்கள் பார்ப்பது வேறு: வந்த சாமி சொன்ன தீர்ப்பு நியாயமானதா?

உளமருத்துவம் கூறுவது

இக்கருத்தை உளமருத்துவ நூல்களோடு ஒப்பிடுவது பயனுடைத்து. பல்லாளுமை நோய் என்னும் பெயரை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994-இல் மாற்றியமைத்தது. 2013-இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு, சில பண்பாடுகளில் ஆளுமைப்பிளவு ஆவியேற்ற அனுபவமாக விவரிக்கப்படலாம் என ஏற்றதோடு, பரவலாக ஏற்கப்பட்ட சமயச் சடங்கின் இயல்பான கூறாக நிகழ்வதை நோயாகக் கொள்ளலாகாது எனவும் வரையறுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்வகைப்பாடும், விரும்பாமலும் சமய நிகழ்வுக்குப் புறம்பாகவும் வரும் ஆவேச நிலையையே நோயெனக் கொள்கிறது. ஆகச் சாமியாடிக்கும் நோயாளிக்கும் இடையில் தோட்டத்து மூதாட்டி காணும் வேறுபாட்டை மருத்துவமும் தன் மொழியில் காண்கிறது. திருவிழாவில் இறங்கி, குறி சொல்லி, மலையேறிவிடுவது சாமி. அழையாமல் வந்து, நாள்தோறும் அலைக்கழித்து, இறங்க மறுப்பது பிணி. தொடரில் வரும் கருப்பு இவ்விரண்டனுள் எதுவென்று கேட்டால், அழையாமல் இரவில் தனித்துத் திரியும் அது இரண்டாவதே. இந்த அளவில் இளையோர் கூற்றே சரி.

ஆனால் மருத்துவப் பெயர் சூட்டியதும் வழக்கு முடிந்துவிடுவதாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. மானிடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் வெளியிட்ட நூல், சிலாங்கூரில் பன்னாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் பணியாற்றிய மலாய்ப் பெண்கள் ஆவி கண்டு அலறிய நிகழ்வுகளை ஆராய்கிறது. நிருவாகம் அதனைக் கூட்டு மனக்கோளாறு என்று கருதி மருந்து கொடுத்தது. வேலையின் கடுமையும் கண்காணிப்பின் நெருக்கடியும் பேசப்படாமல் போயின என்பது அவர் வாதம். நோயெனும் பெயர் முறையீட்டை மூடிவிடக்கூடும். ரிங்லெட் அம்மையார் கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ? 'அந்நியன்' படத்தில் தண்டிப்பவன் சிகிச்சைக்குப் பின்னும் முற்றும் மறைவதில்லை. அதைப் பற்றி எவரும் எம்மிடம் குறைப்படவில்லை.

பின்வந்த அமானுடத் தொடர்களை, சான்றாக 2017-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நந்தினி'யை, இதே குடும்பங்கள் விரும்பியே பார்த்தன. ஆயின் அவற்றின் பாம்புகளைப் பற்றி எவரும் வாதிடவில்லை. கணினி வரைகலை நன்றாயிருந்தது அல்லது இல்லை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவற்றில் குடும்பப் பகையும் பழிவாங்கலும் உண்டு; ஊரும் ஊர்ப்பொது வழக்கும் இல்லை.

தெய்வமும் குடிகளும்

காவல் தெய்வ வழிபாடு படிப்பறிவு பெருகப் பெருகத் தேயும் என்று கருதுவோர் வினீதா சின்ஹாவின் சிங்கப்பூர் ஆய்வைக் காணலாம். முனீஸ்வரன் வழிபாட்டைப் பற்றிய அந்நூல் 2005-இல் வெளிவந்தது. நகரவாழ்வினரான இளைய தலைமுறையினரிடமும் அவ்வழிபாடு உயிர்ப்புடன் இருப்பதை அது காட்டுகிறது. கேமரன் மலையின் நிலை சற்று வேறு. இன்று சரிவுகளில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். எல்லைச் சாமி நிற்கும் நிலம் நிறுவனத்தினுடையது. ஈப்போவில் வாழும் ஒரு குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறை வாடகை வேனில் மலையேறி, தம் பாட்டனார் நட்ட சூலத்துக்குப் பூசையிட்டுத் திரும்புகின்றனர். மற்ற நாள்களில் அங்கு விளக்கேற்றுபவர் அருகில் குடியிருக்கும் நேப்பாளத் தொழிலாளி ஒருவர். அவருக்கு அத்தெய்வத்தின் பெயர் தெரியாது. காவல் காக்கும் சாமி என்பது மட்டும் தெரியும் என்றார்.