தூளியும் ஆலைச் சங்கும்

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் எவ்வளவு தூரம்? ஆண்களைக் கேட்டால் மைல் கணக்குச் சொல்வார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஆலைக்குப் போகும் தாயைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை எத்தனை தடவை பாலுக்கு அழும் என்றல்லவா அவள் கணக்குப் பார்ப்பாள்!

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவினார். வயல் வேலை ஒன்றும் சுகமானதல்ல. ஆனால் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டலாம். அழுதால் ஓடிப் போய் எடுக்கலாம். ஆலையிலோ கதிர் நிற்காது. காற்றெல்லாம் பஞ்சுத் தூசு. குழந்தையை எங்கே கிடத்துவது?

பம்பாய் ஆலைகளில் வேலை செய்த தாய்மார் ஒரு வழி கண்டிருந்தார்கள். நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்: குழந்தைக்குத் துளி அபின் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். பெற்றவள் கல்நெஞ்சக்காரியா? இல்லை, அம்மா. ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

பிரசவ காலத்தில் உதவி வேண்டுமென்று என்.எம். ஜோஷி 1924-ல் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், தோற்றது. 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் அதே கோரிக்கைக்காக டாக்டர் அம்பேத்கர் பேசினார். மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது. 1934-ல் நம் சென்னை மாகாணத்திலும்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டிலையும் கேட்டது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும். முதலாளிக்குக் கணக்குத் தெரியாதா, என்ன? ஐம்பதோடு நிறுத்திக்கொண்டால் தொட்டில் செலவு மிச்சம்! 1976-ல் அதை 30 ஆக்கினார்கள். 2017-ல்தான் ஆணையும் பெண்ணையும் சேர்த்து எண்ணி, 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றார்கள். பெண்ணைத் தள்ளிவிட்டு ஆணை வைத்துக்கொண்டாலும் இனித் தப்ப முடியாது. நல்ல திருத்தம்! பிரசவ விடுமுறையும் 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று.

இதற்குள் இன்னொரு வழி பிறந்திருந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் கல்யாணமாகாத பெண்களை விடுதியில் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சேர்த்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வேறு! தாயாகப் போகிறவள் ஆலைக்குள் வரவே வேண்டாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். சின்னத் தறிக்கூடத்தில் 50 பேருக்கு எங்கே போவது? அங்கே காப்பகம் என்பது உத்தரத்தில் தொங்கும் பழைய புடவைதான். அதை ஆட்டிவிட மூத்த பெண்ணை நிறுத்திவிட்டால், அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.