உடற்கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதனை மாற்றும் முறையும்

மோட்டார் வண்டியின் விளக்கொன்று எரியாதொழியின் அதன் காரணத்தை மூன்று இடங்களிலே தேடுதல் முன்னாளில் வழக்கமாயிருந்தது. மின்குமிழ், உருகி, ஆளி என்பனவே அம்மூன்றிடங்களாம். மின்கலவடுக்கினின்று புறப்பட்ட மின்னோட்டம் உருகியையும் ஆளியையும் கடந்து குமிழை அடைந்து, வண்டியின் இரும்புடல் வழியாக மீண்டது. கம்பியைத் தொடர்ந்து சென்றே பழுதைக் கண்டுபிடித்தல் கூடுமாயிருந்தது. இற்றை நாள் வண்டியிலோ அவ்வழி பெரிதும் மாறிவிட்டது. சாரதி ஆளியை அழுத்துகின்றார்; ஆயின் அவ்வாளி விளக்கிற்கு மின்னோட்டத்தை நேரே விடுவதில்லை. விளக்கை ஏற்றவேண்டும் என்னும் வேண்டுகோளை மாத்திரமே அது அனுப்புகின்றது. அவ்வேண்டுகோளைப் பெற்று ஆவன செய்வது ஒரு சிறு பெட்டி. அதனை ஆங்கிலத்திற் ‘பொடி கொன்றோல் மொடியூல்’ என்பர்; ஈண்டு உடற்கட்டுப்பாட்டுப் பெட்டி எனக் கொள்வோம்.

இயந்திரத்தை ஆளும் கணினி வேறு, இப்பெட்டி வேறு. விளக்குகள், கதவுப் பூட்டுகள், யன்னற் கண்ணாடிகள், மழைநீர் துடைப்பான், ஊதுகுழல் முதலிய உடல்சார் உறுப்புக்களே இதன் ஆட்சிக்கு உட்பட்டவை. பல வண்டிகளிற் களவுத் தடுப்பும் இதன் பொறுப்பாகும். பெரும்பாலும் இது சாரதியின் முன்னுள்ள பலகையின் கீழே, கண்ணுக்குத் தென்படாத இடத்திற் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே ஒரு நுண்செயலியும், நினைவகமும், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைகடத்தி ஆளிகளும் உள்ளன.

இத்தகைய பெட்டி தோன்றியதன் காரணத்தை அறிதல் நன்று. வசதிகள் பெருகப் பெருக, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தல் பாரமும் செலவுமாயிற்று. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983 இல் இதற்கு வழிதேடத் தொடங்கி, ‘கான்’ எனப்படும் செய்தி வலையை 1986 பெப்ரவரியில் அமெரிக்காவின் டிட்ரொயிற் நகரில் நடைபெற்ற மோட்டார்ப் பொறியியலாளர் மாநாட்டில் வெளியிட்டது. முறுக்கிய இரு கம்பிகளிலே பல கணினிகள் முறைவைத்து உரையாடுதலே இதன் தத்துவம். 1993 இல் இது சர்வதேச நியமமாயிற்று. 2008 ஆம் ஆண்டு மாதிரி முதல், ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் பழுதறி கருவியுடன் இவ்வலை வழியாகவே பேசவேண்டும் என்பது விதியாயிற்று. உடற்கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வலையில் ஓர் உறுப்பினர்; பல வண்டிகளில் ஏனைய வலைகளை இணைக்கும் தூதுவருமாகும்.

பல தொழில்களை ஒரே பெட்டி மேற்கொண்டமையால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் குறைகள் ஒருங்கே எழும்போது, பெட்டியே பழுதாயிற்று என எண்ணுதல் எளிது. துடைப்பான் தானே ஆடும், உள்விளக்கு அணையாது, திறப்பை வண்டி அடையாளங் காணாது. உடனே புதிய பெட்டி வாங்கப்படுகின்றது. பெரும்பொருள் செலவான பின்னரும் குறை நீங்காதிருத்தல் உண்டு. ஏனெனில், பெட்டிக்குச் செல்லும் மின்னூட்டமோ, மீள்வழியோ, பொருத்தோ பழுதாயினும் அதே குறிகள் தோன்றும்.

இதற்கு ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். 2014 மே மாதத்தில் அந்நிறுவனம் அமெரிக்காவிற் சுமார் 24 இலட்சம் கார்களைத் திருத்தத்திற்காக மீள அழைத்தது. 2004 முதல் 2012 வரையிலான செவ்ரலே மலிபு, 2005 முதல் 2010 வரையிலான பொன்ரியாக் ஜீ6, 2007 முதல் 2010 வரையிலான சற்றேன் ஓரா என்பன அவற்றுள் அடங்கும். பிரேக்கை மிதித்தபோது பின்விளக்கு எரியாமலும், மிதியாதபோது எரிந்தும் அவை மயக்கந் தந்தன. பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை கொடாத வண்டி எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் அமைப்பும், வழுக்கலைத் தடுக்கும் அமைப்பும் இதனாற் பாதிக்கப்படக்கூடியனவாயிருந்தன.

காரணத்தை ஆராய்ந்தபோது பெட்டியின் நுண்செயலி குற்றமற்றதாயிருந்தது. பெட்டியும் கம்பித் தொகுதியும் சந்திக்கும் பொருத்திலேயே குறை இருந்தது. வண்டியின் அதிர்வினால் அங்குள்ள உலோக முனைகள் மயிரிழை அளவில் ஓயாது உராய்ந்தன. உராய்வில் உதிர்ந்த உலோகத் துகள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சைட்டாகி, மின்னோட்டத்தைத் தடுக்கும் படலமாயிற்று. தடை உயரவே, பிரேக் மிதியின் நிலையை உணர்த்தும் மின்னழுத்தம் பிறழ்ந்தது. பிறழ்ந்த செய்தியைப் பெற்ற பெட்டி பிறழ்ந்த முடிவையே எடுத்தது. ஆகவே, பரிகாரமும் புதிய பெட்டி அன்று. கம்பித் தொகுதி அசையாவண்ணம் இடைத்தாங்கி ஒன்று வைத்து இறுக்கி, முனைகளிற் காற்றுப் புகாதபடி மின்கடத்தாப் பசை பூசி, மிதியின் தொடக்க நிலையைப் பெட்டிக்கு மீளக் கற்பித்தலே போதியதாயிற்று.

எனவே, பெட்டியை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளே மாற்றுதலினும் முதன்மையானவை. முதலில் மின்கலவடுக்கை அளத்தல் வேண்டும். நன்னிலையிலுள்ள 12 வோல்ற்று மின்கலவடுக்கு ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். அடுத்துப் பெட்டிக்குரிய உருகிகள் யாவற்றையும், அதன் மீள்வழிக் கம்பிகளையும் சோதித்தல் வேண்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கை: பல இழைகள் அறுந்து ஓரிழையே எஞ்சிய கம்பியும் சுமையில்லாதபோது முழு 12 வோல்ற்றையும் காட்டும், சுமை ஏறியதும் தளர்ந்துவிடும். ஆதலின், மின்குமிழ் ஒன்றைச் சுமையாக இணைத்தே அளத்தல் வேண்டும். பின்னர், பொருத்துக்களைக் கழற்றிப் பச்சை படிந்த முனை, பின்வாங்கிய முனை, நீர்க்கசிவு என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். முன்கண்ணாடியின் ஓரத்தால் ஒழுகும் மழைநீர் பெட்டியை நனைத்தல் அருமையன்று.

செய்தி வலையையும் சோதித்தல் கூடும். விரைவு வலையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. அவை சமாந்தரமாக இருத்தலின் 60 ஓம் அளவு தோன்றவேண்டும். பல வண்டிகளிற் பதினாறு முனையுள்ள பழுதறி பொருத்தின் 6 ஆம், 14 ஆம் முனைகளுக்கிடையே, மின்கலவடுக்கை விடுவித்த நிலையில் இதனை அளக்கலாம். 120 ஓம் தோன்றின் ஒருபுறம் அறுந்தது எனவும், தடை பூச்சியத்தை அண்மின் இரு கம்பிகளும் முட்டின எனவும் கொள்ளலாம். இவை யாவும் செவ்வையாக இருந்து, ஆளியின் வேண்டுகோள் பெட்டியை அடைவதும் பழுதறி கருவியிற் புலனாகி, விளக்கிற்குரிய வெளிவழியில் மாத்திரம் மின்னோட்டம் இல்லையெனின், அப்பொழுதே பெட்டி பழுது எனத் துணியலாம். அப்பொழுதும், அவ்வெளிவழிக் கம்பி எங்கேனும் இரும்புடலை முட்டிப் பெட்டியை எரித்ததா எனப் பார்த்தல் வேண்டும். அதனைத் திருத்தாது விடின் புதிய பெட்டியும் அவ்வழியே போகும்.

மாற்றும் வேலை கைத்தொழிலளவில் எளிது. பழைய பெட்டி பேசக்கூடிய நிலையில் இருப்பின், அதன் அமைப்பு விபரங்களை முதலிற் கருவியிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். புதிய பெட்டியின் இலக்கம் பழையதனோடு பொருந்தவேண்டும். புறத்தோற்றம் ஒத்திருத்தல் போதாது. பின்னர் மின்கலவடுக்கின் எதிர்முனையை விடுவித்துச் சில நிமிடம் பொறுத்தல் வேண்டும். காற்றுப்பைகளை இயக்கும் ஒடுக்கிகளில் எஞ்சிய மின்னேற்றம் அடங்குதற்கே இப்பொறுமை. உடலிலுள்ள நிலைமின் நுண்செயலியைக் கெடுக்குமாதலால், வண்டியின் வெற்று உலோகத்தைத் தொட்ட பின்னரே புதிய பெட்டியைக் கையிலெடுத்தல் நன்று. பொருத்துக்களின் பூட்டை விடுவித்தே கழற்றல் வேண்டும். கம்பியைப் பற்றி இழுத்தல் ஆகாது.

பொருத்திய பெட்டி பிறந்த குழந்தையை ஒக்கும். தான் எவ்வண்டியில் இருக்கின்றது என்பதை அது அறியாது. பதினேழு குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணையும், வண்டியில் உள்ள வசதிகளின் பட்டியலையும், திறப்புக்களின் இரகசியக் குறியையும் அதற்குக் கற்பித்தல் வேண்டும். கற்பிக்குங்கால் மின்னழுத்தம் தளரின் பெட்டி பாதியறிவோடு நின்று பயனற்றுப் போதலும் கூடும்; ஆதலின், நிலையான மின்வழங்கி ஒன்றை மின்கலவடுக்கோடு இணைத்தல் இன்றியமையாதது. களவுத் தடுப்புக் குறி பொருந்தாவிடின் இயந்திரம் இயங்காது. ஜெனரல் மோட்டேர்ஸின் பழைய மாதிரிகள் பலவற்றில், பத்து நிமிடம் கொண்ட மூன்று சுற்றுக்களாகத் திறப்பைத் திருப்பி வைத்து இக்குறியைக் கற்பித்தல் கூடும். வேறு பல வண்டிகளில், உற்பத்தியாளரின் கணினியோடு தொடர்புகொண்டாலன்றி இது முடியாது. வேறொரு வண்டியிற் கழற்றிய பெட்டியை மலிவென்று வாங்குவோர் இடர்ப்படுவதும் இதனாலேயே. பழைய வண்டியின் எண் அதனுட் பூட்டப்பட்டிருத்தல் உண்டு.

இறுதியாக, ஒவ்வொரு விளக்கையும், பூட்டையும், திறப்பையும் தனித்தனி சோதித்தல் வேண்டும். பிரேக் விளக்கை இன்னொருவர் பின்னின்று பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். வண்டி உறங்கிய பின் மின்கலவடுக்கிலிருந்து கசியும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லியம்பியருக்கு மேற்படலாகாது. மேற்படின் பெட்டி உறங்கவில்லை என்பது பொருள்.

ஈண்டு எழும் வினா பொறியியலோடு அமைவதன்று. கற்பிக்கும் கருவியும் குறியும் உற்பத்தியாளரிடம் மாத்திரம் இருக்குமாயின், சிறு தொழிலகத்தார் பழுதை அறிந்தும் திருத்தமாட்டாதவராவர்; வண்டிக்கு உரியவரும் தம் பொருளைத் தாம் விரும்பியவரிடம் ஒப்படைக்கமாட்டாதவராவர். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012 இலும் 2020 இலும் வாக்கெடுப்பின் வழியாகத் திருத்தும் உரிமையை ஆதரித்தமை இக்கவலையின் பயனே. களவைத் தடுக்க இரகசியம் வேண்டும் என்னும் உற்பத்தியாளர் கூற்றும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. இவ்விரண்டையும் சமன்செய்தல் சட்டத்தின் கடன். திருத்துவோரின் கடனோ வேறு. பிறர் பொருளைச் செலவிடுமுன் ஒரு கம்பியையும் ஒரு முனையையும் அளந்து பார்த்தலே அது. இருபத்துநான்கு இலட்சம் வண்டிகளின் குறை ஒரு பொருத்தின் முனையில் இருந்தது என்பதை அவர் மறத்தலாகாது.