தாங்கி நிறையத் தண்ணீர், பைப்பில் வெறுங்காற்று



கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை மோட்டாரால் மேல்தாங்கிக்கு ஏற்றிப் புழங்குகிறோம். தாங்கி ஒருமுறை வற்றி மீண்டும் நிரம்பிய பிறகு, சுபஹுக்கு வுழூச் செய்யப் பைப்பைத் திறந்தால் 'புஸ்' என்று சீறும். தண்ணீர் நூலாகத்தான் வரும். காரணம், குழாய்க்குள் சிக்கிய காற்று.

காற்று தண்ணீரைவிட இலேசானது. குழாய் மேலே வளைந்து இறங்கும் இடத்தில் அது தங்கிவிடும். 3 மீட்டர் உயரத்திலுள்ள தாங்கி தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார்தான். காற்றைத் தள்ளிவிட அது சிலவேளை போதாது.

என்ன செய்யலாம்? தாங்கியை நிரப்புங்கள். மற்றப் பைப்புகளை மூடி, ஆகத் தாழ்வான பைப்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். சீறல் அடங்கித் தண்ணீர் சீராக வந்ததும் அடுத்ததைத் திறவுங்கள். அடிக்கடி இப்படி நடந்தால், தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில், வால்வுக்குப் பிறகு, தாங்கியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, வாய் திறந்த காற்றுக்குழாய் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையா? உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பம்பின் மேல்மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்புங்கள். கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வ் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீரில்லாமல் ஓடும் பம்பின் சீல் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே நேயர்களே, தண்ணீர் ஏறாவிட்டால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.