தந்தைக்கு மறுத்த விசா தாய்க்குக் கிடைக்குமா?

அமெரிக்காவில் படிக்கும் மகளைப் பார்த்துவரத் தோட்டத்துத் தந்தை ஒருவர் விசா கேட்டார். கோலாலம்பூரிலுள்ள அமெரிக்கத் தூதரகம் மறுத்துவிட்டது எனக் கொள்வோம். "அவருக்கே இல்லையென்றால் எனக்கு எங்கே?" என்று தாயார் சோர்ந்துவிடலாமா? வேண்டாம் என்கிறோம்.

1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகையாளர் விசா கேட்பவரை அங்கேயே குடியேறப் போகிறவராகத்தான் முதலில் கருதுகிறது. 'திரும்பி வருவேன்' என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. ஒவ்வொருவர் விண்ணப்பமும் தனித்தனியே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே தந்தையின் மறுப்பு தாயின் மறுப்பாகாது.

இப்பிரிவின்கீழ் மறுக்கப்பட்ட தந்தையும் மீண்டும் கேட்கலாம். மேல்முறையீடு கிடையாது, காத்திருக்க வேண்டிய கெடுவும் இல்லை. ஆனால் பாரம், கட்டணம், நேர்முகம் எல்லாம் புதிதாக வேண்டும். 2023 ஜூனில் 185 டாலராக உயர்த்தப்பட்ட அக்கட்டணம், விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. எனவே வேலை, வீடு, பள்ளி செல்லும் பிள்ளைகள், வயதான பெற்றோர் என நம்மை இங்கே திரும்ப அழைப்பவற்றைத் தெளிவாகச் சொல்லத் தயாரான பின்னரே பணம் கட்டுவோம்.

'முன்பு விசா மறுக்கப்பட்டதா?' என்று பாரம் கேட்பது விண்ணப்பிப்பவரைப் பற்றியே. முன்பு விண்ணப்பிக்காத தாய் 'இல்லை' என்று எழுதலாம். தந்தை 'ஆம்' என்றே எழுத வேண்டும். மகள் அங்கிருப்பதையும் மறைக்கக் கூடாது. யார் சொல்லிக்கொடுத்தாலும் சரி, தெரிந்தே பொய் எழுதினால் ஆயுள் முழுதும் தடை விழலாம். மறுப்புக்குப் பரிகாரம் உண்டு. பொய்க்கு அது எளிதன்று.