குளிர்காலத்தில் மலை சைக்கிள்... வழுக்காமல் இருக்க எந்த டயர்?

பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் கொஞ்சம் ஆடும், பழகியவர்கள் சமாளித்துவிடுவார்கள். முன் சக்கரம் வழுக்கினால்? காலை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டையோ, தோள் அருகே உள்ள காறை எலும்பையோ முறித்துக்கொள்பவர்கள் ஏராளம்.

குளிர் நாடுகளில் காட்டுப் பாதைகளிலும் மலைப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டுபவர்கள், குளிர்காலம் வந்தால் டயரை மாற்றுவது இதனால்தான். ஆனால், கடைக்குப் போய் 'குளிர்கால டயர் ஒன்று கொடுங்கள்' என்று கேட்டால் போதாது. பிரிட்டனில் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் சேறு. பின்லாந்தில் ஐஸ். அலாஸ்காவில் ஆழமான பனி. மூன்றுக்கும் மூன்று விதமான டயர் வேண்டும்.

சேற்றுக்கு...

கோடையில் ஓட்டும் டயரில் ரப்பர் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். சேற்றில் இறங்கியதும் இடைவெளியெல்லாம் மண் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது பட்டன் டயரே அல்ல. தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரமான மொசைக் தரையில் நடப்பது போலத்தான்!

சேற்று டயரில் பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். சக்கரம் சுழலும்போதே மண் உதிர்ந்துவிடும். தார்ச்சாலையில் இதை ஓட்டுவது சிரமம். உயரமான பட்டன்கள் வளைந்து நெளியும், கூடுதலாக மிதிக்க வேண்டும்.

நனைந்த மர வேர்களில் பட்டன் எதையும் கவ்வ முடியாது. அங்கே கைகொடுப்பது ரப்பரின் மென்மை. குளிரில் ரப்பர் இறுகும் என்பதால், மென்மையான ரப்பராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரப்பரின் கடினத்தை எண்ணால் குறிப்பார்கள். 60 என்றால் கடினம், 42 என்றால் நல்ல மென்மை. மென்மையான டயர் சீக்கிரம் தேயும். அதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

ஐஸுக்கு...

கண்ணாடி போல் உறைந்த பாதையில் எந்த ரப்பரும் நிற்காது. ஆணி பதித்த டயர்தான் ஒரே வழி. குளிர்காலத்திலும் மக்கள் சைக்கிளில் போய்வருவதற்குப் பெயர்பெற்ற பின்லாந்தின் ஓவுலு நகரம் போன்ற இடங்களில் இது பழகிப்போன பொருள். மலை சைக்கிள் டயர் ஒன்றிலேயே 300, 400 ஆணிகள்கூட இருக்கும். ஆணி முனை சீக்கிரம் தேயாத டங்ஸ்டன் கார்பைடாக இருப்பது நல்லது.

புது டயர் போட்டதும் வேகம் காட்டக் கூடாது. முதல் 40 கி.மீ. தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும்.

ஆழமான பனிக்கு...

சாதாரண மலை சைக்கிள் டயரின் அகலம் 2.2 முதல் 2.6 அங்குலம் வரை. பனியில் அது புதைந்துவிடும். 4, 5 அங்குல அகலமுள்ள 'ஃபேட் பைக்' டயர், ஓட்டுபவரின் எடையைப் பரப்பிப் பனியின் மேலேயே மிதந்து செல்லும். இதில் காற்று 10 பி.எஸ்.ஐ.-க்கும் குறைவாக இருந்தாலே போதும்.

காற்றைக் கவனியுங்கள்!

டயருக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் தரையில் கூடுதலாகப் படியும், பிடிப்பும் கூடும். ஒவ்வொரு பி.எஸ்.ஐ.-யாகக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். ரொம்பக் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து, டியூப் நசுங்கி பஞ்சராகும். டியூப்லெஸ் என்றால் டியூப் நசுங்கும் தொல்லை இல்லை. ஆனால், ரிம் அடிபடும் ஆபத்து அதிலும் உண்டு.

இன்னொரு விஷயம்... 20 டிகிரி வெப்பமுள்ள வீட்டுக்குள் 25 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால், வெளியே மைனஸ் 10 டிகிரியில் அது ஏறக்குறைய 21 ஆகிவிடும். பஞ்சர் இல்லை, கசிவும் இல்லை. குளிரில் காற்றின் அழுத்தம் இறங்குகிறது, அவ்வளவுதான். எனவே சைக்கிளைச் சற்று நேரம் வெளியே நிறுத்திவிட்டுச் சரிபார்ப்பதே சரி.

ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறதா?

யோசிக்காமல் முன் சக்கரத்துக்கே போடுங்கள். வாங்கும் முன் முன்ஃபோர்க்கில் இடம் போதுமா என்று பாருங்கள். சேறு ஒட்டவும் இடைவெளி வேண்டும். டயரின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால், அது சுழலும் திசையைக் காட்டும்படி மாட்டுங்கள்.

எந்த டயரும் வழுக்கலை ஒழித்துவிடாது. ஐஸில் வளையும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், 400 ஆணிகள் இருந்தாலும் கீழே விழ வேண்டியதுதான்!