பத்தாமவர் வாயிலில் நிற்கிறார்

கோல் மார்க்கெட்டில் குடியிருக்கும் நம்மவருக்கு பிர்லா மந்திரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. 1939ஆம் ஆண்டு காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தபோது, எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பதை நிபந்தனையாகக் கொண்டார். ஆயினும் எந்த வழிபாட்டிடத்திலும் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? படியேற இயலாதவருக்குத் திறந்த கதவும் மூடிய கதவேயன்றோ?

இவ்வினாவுக்கு யூதர்களின் வழக்கம் நல்லதொரு விடை தருகிறது. டில்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த ஜூடா ஹயாம் ஜெபாலயம் அவர்களுடையது. இந்நகரில் யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே. தனியே துதிப்பதற்குத் தடையில்லை. ஆனால் சபையாகக் கூடி வேதம் ஓதவும், இறந்தோர்க்குரிய துதியைச் சொல்லவும் வயது வந்த 10 பேர் வேண்டும் என்பது அவர்களது மரபு. ஆடவரை மட்டுமே கணக்கிடுவது பழைய முறை; இன்று பெண்களையும் சேர்க்கும் சபைகள் உண்டு. ஒன்பதின்மர் உள்ளே காத்திருக்க, பத்தாமவர் படியேற இயலாமல் வாயிலில் நின்றால் நட்டம் அவருக்கு மட்டுமா? சபைக்கே அன்றோ!

குருடர் வழியில் இடறுகல் வைத்தலையும், செவிடரைச் சபித்தலையும் அவர்களது வேதம் விலக்குகிறது. மோசேயும் திக்குவாயர் என்றே அது கூறுகிறது. எனினும் பேச இயலாத செவிடரைப் பதின்மருள் ஒருவராக எண்ணாத பழைய விதியும் இருந்தது. 2011இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக்குழு இதனை மாற்றியது. சைகையால் பேசுவோர் பதின்மருள் அடங்குவர். வேதம் ஓத அழைக்கப்படுகையில் சைகையாலேயே துதி சொல்லலாம் எனத் தீர்மானித்தது. பார்வையற்றோர்க்காக நியூயார்க்கில் 1931லேயே யூத பிரெய்ல் நிலையம் தோன்றியது. அந்நாட்டின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் மத நிறுவனங்களுக்கு விலக்களித்துள்ளது. ஆகவே சபைகள் செய்தவற்றுட் பல, சட்டத்துக்கு அஞ்சிச் செய்தவை அல்ல.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. யூத ஆலயங்களில் வேதம் ஓதும் மேடை பெரும்பாலும் உயர்ந்திருக்கும். வாயிலில் மட்டும் சாய்தளம் அமைத்தால், வந்தவர் பார்வையாளராகவே இருந்துவிடுவார். மேடைக்கும் வழி அமைத்தாலன்றி அவர் சபையினர் ஆகார்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களுள் வழிபாட்டுக்குரியவற்றையும் சேர்த்துள்ளது. ஆனால் சட்டம் வந்து தட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? பொங்கல் விழாவுக்கும் பஜனைக்கும் கூடம் தேடுவோர் நாமே. மாடியிலுள்ள கூடத்தைத் தவிர்க்கலாம். சக்கர நாற்காலியை நால்வர் தூக்கிச் செல்வது உதவிதான். ஆனால் தூக்கப்படுபவரின் மனம் கூசும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் இருந்தால் அவர் தாமே ஏறி வருவார். மேடைக்கும் அவ்வாறு ஒன்று அமைந்தால், வந்து பாடுவார்.

அடுத்த விழாவுக்கு இடம் பார்க்கச் செல்லும் அன்பர்கள், கையில் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்வார்களாக.